ஸ்பா மேலாண்மை: இரண்டு வருட ஃபவுண்டேஷன் டிகிரியா, மூன்று வருட ஆனர்ஸா?

வடமராட்சி அம்மா (லெஸ்டர்)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் 20 வருசமா லெஸ்டரில இருக்கிறம். என்ர ரெண்டாவது மகளுக்கு 18 வயசு. இங்க கொலிஜ்ல அழகுக்கலையும் ஸ்பா சிகிச்சையும் மூன்றாம் நிலை (ஏ-லெவல், பிளஸ் டூ மட்டம்) டிப்ளோமா செய்யிறா. இந்தக் கோடையோட முடியுது. அவவுக்கு ஸ்பா மனேஜ்மென்ற்தான் படிக்கவேணுமாம். ரெண்டு இடத்தில இருந்து ஓஃபர் வந்திருக்கு. ஒண்டு ரெண்டு வருச ஃபவுண்டேஷன் டிகிரி, வீட்டில இருந்து போய் வரலாம். மற்றது மூன்று வருச ஆனர்ஸ் (முழு இளங்கலைப் பட்டம்), இடையில ஒரு வருசம் வேலைப் பயிற்சியும் சேர்த்தா நாலு. அதுக்கு வெளியில தங்கவேணும்.

இவரின்ர பக்கத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் "ஃபவுண்டேஷன் எண்டா அரைப் பட்டம், அதுக்குக் காசு கட்டாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டார். இன்னொருத்தர் "மசாஜ் செய்யப் பட்டமும் வேணுமோ" எண்டு மகளின்ர முகத்துக்கு நேர கேட்டவர். பிள்ளை அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை. அவ விரும்பிற படிப்பு இது. நல்ல மாதிரிப் படிக்கவேணும் எண்டுதான் எனக்கு ஆசை. வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

ராஜி ஹாரோ

அக்கா, ஃபவுண்டேஷன் என்றால் மார்க் குறைந்த பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புக்கு முன்னால் வைக்கிற ஒரு வருடம் இல்லையா? என் தங்கை மகன் அப்படித்தான் பொறியியலில் சேர்ந்தான். உங்கள் மகளுக்கு நேரடியாக ஆனர்ஸ் கிடைத்திருக்கும்போது அது எதற்கு?

---

சேர்க்கை மேசை

ராஜி அக்கா, நீங்கள் சொல்வது ஃபவுண்டேஷன் இயர். இவர்கள் கேட்பது ஃபவுண்டேஷன் டிகிரி. பெயர்தான் ஒன்று போல இருக்கிறதே தவிர இரண்டும் வேறு வேறு. நான் மிட்லண்ட்ஸில் ஒரு பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்தக் குழப்பத்தோடு தொலைபேசியில் அழும் பெற்றோர் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஃபவுண்டேஷன் இயர் என்பது பட்டப்படிப்புக்குள் நுழையும் முன் படிக்கும் ஆயத்த ஆண்டு. அதை முடித்தவர் அடுத்து முதலாம் ஆண்டுக்குத்தான் போவார். ஃபவுண்டேஷன் டிகிரி அப்படியில்லை, அதுவே ஒரு பட்டம். இங்கிலாந்தில் 2001-ல் தொடங்கினார்கள். வேலை தருபவர்களோடு சேர்ந்து பாடத்தை வகுக்க வேண்டும், முடித்தவர் ஆனர்ஸுக்குப் போக ஒரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. முழுநேரமாகப் படித்தால் 2 வருடம், 240 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி), ஐந்தாம் நிலை. ஆனர்ஸ் 360 கிரெடிட், ஆறாம் நிலை. நடுவில் உள்ள 120 கிரெடிட்டைத்தான் 'டாப்-அப்' என்று ஒரு வருடத்தில் படிக்கிறார்கள். கையில் 240 கிரெடிட் இருக்கும்போது "அரைப் பட்டம்" என்பது கணக்குப்படியே தவறு. மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது என்பதுதான் சரி.

கட்டணத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்து மாணவருக்கு உச்ச வரம்பு வருடத்துக்கு 9,535 பவுண்டு. 5,760 என்று இணையத்தில் பார்த்தால், அது வகுப்பறை சார்ந்த பாடங்களின் ஃபவுண்டேஷன் இயருக்கு மட்டும் உள்ள வரம்பு. நான்கு வருட ஆனர்ஸில் வேலைப் பயிற்சி ஆண்டுக்கு முழுக் கட்டணம் கிடையாது. உச்ச வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது, அதாவது அந்தக் கல்வியாண்டுக் கணக்கில் 1,905 பவுண்டு. பெரும்பாலும் அந்த ஆண்டில் பிள்ளைக்குச் சம்பளமும் கிடைக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆனர்ஸில் நேரடியாகச் சேர்பவருக்கு இரண்டாம் வருட மதிப்பெண்ணும் மூன்றாம் வருட மதிப்பெண்ணும் சேர்ந்துதான் பொதுவாகப் பட்டத்தின் வகுப்பை (முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்பதை) தீர்மானிக்கும். டாப்-அப்பில் சேர்பவருக்குப் பல இடங்களில் அந்த ஒரே வருடம்தான் எல்லாம். நன்றாகப் போனால் லாபம். அந்த வருடம் உடம்புக்கு முடியாமல் போனாலோ வீட்டில் ஒரு துயரம் நடந்தாலோ, தாங்கிப் பிடிக்க முந்தைய வருட மதிப்பெண் இருக்காது.

---

டோம் மாணவி

அக்கா, நான் டெர்பி பல்கலைக்கழகத்தின் பக்ஸ்டன் வளாகத்தில் ஸ்பா மேலாண்மை படித்தவள். என் காலத்தில் அங்கே நீங்கள் கேட்கிற இரண்டு வழியுமே இருந்தன. நான் ஃபவுண்டேஷன் டிகிரியில் சேர்ந்து, பிறகு டாப்-அப் செய்தேன். இப்போது பாடங்கள் எப்படி, எந்த வளாகத்தில் என்பதை அவர்களிடமே கேளுங்கள். என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

பக்ஸ்டன் ஒரு வெந்நீர் ஊற்று ஊர். 27 டிகிரிச் சூட்டில் தரையிலிருந்து தண்ணீர் வருகிறது. ரோமானியர் காலத்திலிருந்தே அதில் குளித்திருக்கிறார்கள். நாங்கள் படித்த டெவன்ஷயர் டோம் கட்டடம் 1780-களில் குதிரை லாயமாகக் கட்டப்பட்டது. பிறகு மருத்துவமனையாகி, 2000 வரை அப்படியே நடந்தது. 1881 வாக்கில் மேலே எழுப்பிய குவிமாடம் 44 மீட்டர் அகலம், லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக் குவிமாடத்தைவிடப் பெரியது. மூட்டுவலிக்காரர்களுக்கு நீர்ச் சிகிச்சை கொடுத்த அதே கட்டடத்தில் நாங்கள் ஸ்பா நடத்தக் கற்றோம். முதல் நாள் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தபோது, இந்தத் தொழிலுக்கு இவ்வளவு வயதா என்று இருந்தது. உங்கள் மகளை மசாஜ் என்று கேலி செய்தவரை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஃபவுண்டேஷன் வகுப்பில் முதல் வருடம் பெரும்பகுதி கைவேலை. உடற்கூறு, சுவீடன் முறை மசாஜ், உடல் பூச்சு, வெப்ப அறைகளின் வரிசை, வாடிக்கையாளரிடம் உடல்நிலை விசாரிக்கும் முறை என்று போனது. நான் எந்தச் சிகிச்சைப் படிப்பும் இல்லாமல் ஏ-லெவல் முடித்து வந்தவள், எனக்கு அது அமிர்தம். பக்கத்து மேசைப் பெண் உங்கள் மகளைப் போலவே மூன்றாம் நிலை முடித்து வந்திருந்தாள். நவம்பர் மாதமே சலித்துப்போய்விட்டாள். தெரிந்ததையே திரும்பச் செய்துகொண்டிருந்தாள்.

அதனால் எது பெரிய பட்டம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கோர்ஸின் பாடப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வருடத்தில் எத்தனை கிரெடிட் உங்கள் மகள் ஏற்கெனவே கற்றது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

---

நீராவி அறை

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் 14 வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு கோர்ஸும் வேண்டாம். பிள்ளை கையில் மூன்றாம் நிலை இருக்கிறது. நாளைக்கே ஒரு ஹோட்டல் ஸ்பாவில் சிகிச்சையாளராகச் சேரலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே மூத்த சிகிச்சையாளர், தலைமைச் சிகிச்சையாளர், துணை மேலாளர் என்று ஏறி வரலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

எங்களிடம் பட்டத்தோடு வருகிற சிலருக்கு ஒரு நாளில் ஆறு மசாஜ் செய்தால் கட்டைவிரல் எப்படி வலிக்கும் என்று தெரியாது. தெரியாததால், இரண்டு சிகிச்சைக்கு நடுவில் 15 நிமிடம் விடாமல் நேர அட்டவணை போடுகிறார்கள். மூன்றாவது வாரம் சிகிச்சையாளர்கள் ஒவ்வொருவராக வேலையை விடுகிறார்கள்.

---

டோம் மாணவி

அண்ணா, கட்டைவிரல் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நீங்கள் மேலாளர் ஆக எத்தனை வருடம் ஆனது?

---

நீராவி அறை

பதினொன்று.

அந்தப் பதினொரு வருடத்தில் மூன்று முறை மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. ஒருமுறை இறுதி நேர்காணலில் கடந்த ஆண்டின் வரவு செலவுத் தாளைக் கையில் கொடுத்து, எங்கே பணம் ஒழுகுகிறது என்று கேட்டார்கள். எனக்குச் சிகிச்சை தெரியும், ஆட்களைத் தெரியும். அந்தத் தாளைப் படிக்கத் தெரியவில்லை. பிறகு மாலை வகுப்பில் கணக்கியல் கற்றேன். அந்த வருடங்களை இழந்தது இன்றும் எனக்கு வருத்தம்தான். சொல்லாமல் விட்டால் என் பேச்சு பாதி உண்மையாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

---

டோம் மாணவி

நன்றி அண்ணா. அந்தத் தாளைத்தான் எனக்கு மூன்றாம் வருடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் புரிகிற மாதிரி ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன்.

ஒரு ஸ்பாவில் 6 சிகிச்சை அறைகள். ஒவ்வொன்றும் ஒரு நாளில் 10 மணி நேரம் திறந்திருக்கிறது. அப்படியானால் விற்க 60 மணி நேரம் இருக்கிறது. 39 மணி நேரம் விற்றால் பயன்பாடு 65 சதவீதம். மிச்சம் 21 மணி நேரத்தை நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. காலி இருக்கையோடு பறந்துபோன விமானம் மாதிரி, போனது போனதுதான். இப்படிக் காலியாகும் நேரம் எப்போது என்று பார்த்தால் பெரும்பாலும் செவ்வாய், புதன் காலைகள். சனிக்கிழமை மதியம் இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்போம். சனிக்கிழமை என்ன விலை, செவ்வாய்க்கு எந்தப் பொதி, எத்தனை சிகிச்சையாளர்களை எந்த நேரத்துக்கு அழைப்பது, இதெல்லாம்தான் மேலாண்மை. இருக்கும் ஒவ்வொரு சிகிச்சை மணிக்கும் எவ்வளவு வருமானம் என்று ஓர் அளவு வைத்துப் பார்ப்பார்கள். ஹோட்டல்காரர்கள் அறைகளுக்கு வெகுகாலமாகப் போடும் கணக்குதான் இது, பிறகு ஸ்பாவுக்குள் வந்தது.

எங்கள் ஃபவுண்டேஷன் வருடங்களில் இதைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஆறாம் நிலையில்தான் ஒரு உண்மையான ஸ்பாவின் எண்களைக் கையில் கொடுத்து இரண்டு மாதம் உட்கார வைத்தார்கள். ஃபவுண்டேஷன் டிகிரியோடு நிறுத்திய என் தோழிகள் நல்ல சிகிச்சையாளர்கள். அவர்களில் மேலாளர் ஆனவர்களும் உண்டு, ஆனால் அண்ணன் போல நீண்ட பாதையில்தான். ஃபவுண்டேஷன் டிகிரியை மட்டமாகச் சொல்லவில்லை. அதில் சேர்கிற பிள்ளை முதல் நாளே டாப்-அப்பையும் மனதில் வைத்துச் சேர வேண்டும் என்கிறேன்.

---

கோவை மாணவன்

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள் அக்கா, அண்ணா. நான் கோவையில் பிளஸ் டூ முடித்தவன். ஒரு ஏஜென்ட் இங்கிலாந்தில் இரண்டு வருட ஃபவுண்டேஷன் டிகிரிதான் செலவு குறைவு, முடித்ததும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கலாம் என்கிறார். இந்த இழையைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது.

---

சேர்க்கை மேசை

தம்பி, கேட்டது நல்லதாயிற்று. உங்கள் நிலைமை இந்த அக்கா மகளின் நிலைமை இல்லை. அவர் இங்கேயே வளர்ந்தவர், விசா பற்றிய கவலை கிடையாது. உங்களுக்கு அதுதான் முதல் கவலை.

படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட உதவும் கிராஜுவேட் விசாவுக்கு இளங்கலைப் பட்டமோ அதற்கு மேலோ வேண்டும். ஃபவுண்டேஷன் டிகிரி ஐந்தாம் நிலை, அதற்குப் போதாது. டாப்-அப் முடித்து ஆனர்ஸ் வாங்கினால்தான் தகுதி வரும். அதற்கு மாணவர் விசாவுக்கு இன்னொரு முறை விண்ணப்பிக்க வேண்டும், இன்னொரு முறை செலவு. அந்த இரண்டு வருடமும்கூட 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. நீங்கள் இப்போது சேர்ந்தால் உங்களுக்கு இந்தப் புதிய கணக்குதான்.

படிக்கும்போது வேலை செய்யும் நேரமும் வேறு. பல்கலைக்கழகத்தில் பட்ட நிலையில் படிப்பவருக்குப் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம். அதற்குக் கீழ் நிலை என்றால் 10 மணிதான். ஏஜென்ட் "செலவு குறைவு" என்று போட்ட கணக்கில் அந்தப் பாதிச் சம்பளம் போனதைச் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

இன்னொன்று. 2025 ஜூலை 22-லிருந்து திறன்மிகு பணியாளர் விசாவில் புதிதாக வருபவருக்குப் பொதுவாகப் பட்ட நிலை வேலை வேண்டும், பொதுச் சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு. புதுப் பட்டதாரிகளுக்கு அந்த வரம்பு 33,400 பவுண்டாகக் குறையும் சலுகை உண்டு. ஸ்பா சிகிச்சையாளர் வேலை அந்த நிலையில் வராது. கடன் வாங்கும் முன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து இந்த எண்களைப் பாருங்கள் தம்பி.

---

மூலிகைத் தோட்டம்

தம்பி, இங்கேயே பி.என்.ஒய்.எஸ் படிக்கலாமே? சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது.

---

சேர்க்கை மேசை

நல்ல படிப்புதான். ஆனால் அது யோகா, இயற்கை மருத்துவத்தில் மருத்துவராவதற்கான பட்டம். நாலரை வருடப் படிப்பு, மேலே ஒரு வருடப் பயிற்சி. நோயாளியைப் பார்க்க ஆசை இருந்தால் போகலாம். ஸ்பாவை நிர்வகிக்க ஆசையென்றால் ஊரிலேயே ஒரு ஹோட்டல் மேலாண்மைப் பட்டம் முடித்துவிட்டு முதுகலைக்கு யோசிக்கலாம். எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகம் பார்னு என்ற கடற்கரை ஊரில் உள்ள தன் கல்லூரியில் ஸ்பா சேவை வடிவமைப்பும் மேலாண்மையும் என்று இரண்டு வருட முதுகலையை ஆங்கிலத்தில் நடத்துகிறது. பார்னு நூறாண்டுக்கு மேலாகக் குளியல் ஊர். ஸ்பாவுக்கென்றே ஐரோப்பாவில் ஒரு முதுகலை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

---

வடமராட்சி அம்மா

எல்லாருக்கும் பெரிய நன்றி. மகளும் நானும் நேற்று இரவு ரெண்டு பாடப் பட்டியலையும் மேசையில விரிச்சு வைச்சுப் பென்சிலால கோடு போட்டம். ஃபவுண்டேஷன் டிகிரியில முதல் வருசம் 120 கிரெடிட்டில 60 அவ இப்ப கொலிஜ்ல செய்யிற கைவேலைதான். இந்தளவுக்கு இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை.

ஆனா இவருக்கு ஒரு பயம். நாலு வருசம், வெளியில தங்கிற செலவு, கடன். முடிச்சிட்டு வேலை கிடைக்காட்டி?

---

சேர்க்கை மேசை

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டிலிருந்து படிக்கத் தொடங்கியவர்களின் மாணவர் கடனை வருட வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான் கட்ட வேண்டும். தாண்டிய தொகையில் 9 சதவீதம். 40 வருடத்தில் மிச்சம் இருந்தால் தள்ளுபடி. வங்கிக் கடன் மாதிரி வீட்டு வாசலுக்கு வந்து நிற்காது. அதற்காகச் சின்னக் கடன் என்றும் நினைக்க வேண்டாம். 40 வருடம் என்பது பிள்ளையின் வேலைக் காலம் முழுவதும்.

அப்புறம், மகளுடைய டிப்ளோமாவுக்கு யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) புள்ளிகள் உண்டா என்று இன்றே பாருங்கள். மூன்றாம் நிலைச் சான்றிதழ்களில் சிலவற்றுக்குப் புள்ளி கிடையாது. பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் சான்றிதழின் சரியான பெயரையும் எண்ணையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

---

நீராவி அறை

படிக்கப்போகும் இடத்தைச் சுற்றிக் காட்டும் திறப்பு நாளுக்குப் போகும்போது கேட்கச் சொல்லி ஒரு கேள்வி தருகிறேன். "குளத்து நீரை யார் சோதிப்பார்கள், மாணவர்களுக்கு அதைக் கற்றுத் தருகிறீர்களா?"

காரணம் இருக்கிறது. நீர்ச்சுழிக் குளம் உடல் சூட்டை ஒட்டி இருக்கும், அதில் காற்றும் சேர்ந்து நுண்துளிகள் எழும்பும். லெஜியோனெல்லா கிருமிக்கு 20 முதல் 45 டிகிரி வரை கொண்டாட்டம். அந்தத் துளி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா, உயிரே போகலாம். நான் புதிதாகப் பொறுப்பேற்ற ஓரிடத்தில் பரிசோதனைப் பதிவேட்டைத் திறந்தால் தொடர்ந்து மூன்று நாள் எல்லா நேரத்துக்கும் குளோரின் அளவு ஒரே எண். யாரும் சோதிக்கவில்லை, எழுதி மட்டும் வைத்திருந்தார்கள். அன்று மாலையே குளத்தை மூடினேன். முன்பதிவு செய்தவர்கள் கத்தினார்கள், மேலதிகாரி கோபப்பட்டார். எனக்கு இன்றும் அது சரியாகவே படுகிறது.

மேலாளர் என்றால் அந்தப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து போடுபவர். இதைக் கற்றுத் தராத கோர்ஸில் எத்தனை சந்தைப்படுத்தல் பாடம் இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

---

வடமராட்சி அம்மா

போய் வந்திட்டம். அண்ணா சொன்ன கேள்வியை மகளே கேட்டவ. ஃபவுண்டேஷன் இடத்தில அந்த ஆசிரியை நேர்மையாச் சொன்னா, குளம் பக்கத்து ஓய்வு மையத்துக்குச் சொந்தம், மாணவர் பார்க்கலாம், தொடேலாது எண்டு. டாப்-அப் அவையளிட்ட இல்லை, வேற யூனிவர்சிட்டிக்குப் போகவேணும், இடம் உறுதி எண்டு எழுதித் தரேலாதாம். ஆனர்ஸ் இடத்தில பம்ப் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை. மகள் அங்க நிண்டு அரை மணித்தியாலம் கேள்வி கேட்டவ. தகப்பன் வெளியில வந்து காரில ஏறினாப்பிறகு, "இவளுக்கு இவ்வளவு தெரியும் எண்டு எனக்குத் தெரியாது" எண்டார்.

ஆனர்ஸைத்தான் முதல் தெரிவாப் போட்டிருக்கிறம், வேலைப் பயிற்சி வருசத்தோட. மற்றதைக் காப்புத் தெரிவா வைச்சிருக்கிறம். இனி மகள் எழுதுறா.

---

வடமராட்சி அம்மா (மகள் எழுதுவது)

வணக்கம். என்ர தமிழ் எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கவும். எனக்கு ரெண்டு கேள்வி. பயிற்சி வருசத்துக்கு பாத் மாதிரி வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்குப் போறது நல்லதா, இல்லாட்டி பெரிய ஹோட்டல் ஸ்பாவா? அதோட செப்டம்பர் வரைக்கும் சும்மா இருக்க விருப்பம் இல்லை. என்ன செய்யலாம்?

---

டோம் மாணவி

தங்கச்சி, எழுத்து நன்றாகவே இருக்கிறது. பாத் ஊற்று 46 டிகிரி, அப்படி ஒரு நீரைக் கையாளும் இடத்தில் ஒரு வருடம் இருப்பது பெரிய படிப்பு. ஆனால் மேலாளர் ஆக வேண்டும் என்றால் அறை, உணவகம், ஸ்பா மூன்றும் ஒரே கணக்கில் ஓடும் ஹோட்டலில் பயிற்சி எடு. ஊற்று ஊர்களை விடுமுறையில் போய்ப் பார். பக்ஸ்டன் கிரெசென்ட் என்ற பழைய கட்டடத்தை 2020-ல் ஸ்பா ஹோட்டலாகப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள், உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம்.

---

நீராவி அறை

மகளே, நான் இருப்பது நொட்டிங்ஹம் பக்கம். கோடையில் எங்களுக்குச் சனி, ஞாயிறு வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை. சிகிச்சை அறைக்கு இல்லை, முன்பதிவு மேசைக்கு. எந்த நேரம் காலியாகக் கிடக்கிறது, யார் கடைசி நேரத்தில் ரத்து செய்கிறார்கள், எல்லாம் அங்கேதான் கண்ணில் படும். அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்து இடத்தைப் பாருங்கள். விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். காலை ஏழு மணிக்கு வந்தால் முதல் நீர்ப் பரிசோதனையையும் பார்க்கலாம்.

---

வடமராட்சி அம்மா

ஏழு மணிக்கே வாறம் அண்ணா. அவ இப்பவே அலாரம் வைச்சிட்டா.